சென்னையை நடுங்க வைத்த எம்டன்
குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கப் போவோமா?

இரவு மணி ஒன்பதரை. சாப்பாட்டை முடித்துவிட்டுச் சென்னைப் பட்டணம் படுக்கப் போய்க்கொண்டிருந்தது. தெருக்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

திடீரென்று கடலில் ஒரு பெரிய வெளிச்சம்! அடுத்த நொடியில் "டமார்" என்று காதைப் பிளக்கும் சத்தம்! ஒன்று அல்ல, இரண்டு அல்ல. குண்டுகள் மழையாகப் பொழிந்தன. துறைமுகத்தின் பக்கம் வானம் சிவந்துவிட்டது.

இது நடந்தது 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. சண்டை எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்று எண்ணி இருந்த மக்களின் வாசலுக்கே அது வந்துவிட்டது. கொண்டுவந்த கப்பலின் பெயர், எம்டன்.

ரெயிலில் புறப்படுவோம்

எம்டனின் சுவடு இன்றும் சென்னையில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புளியந்தோப்பில் இருந்து கிளம்பினோம்.

புளியந்தோப்பு ஒரு காலத்தில் ஆலைச் சங்கின் ஓசையில் கண்விழித்த ஊர். பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1914-ல் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. எம்டன் குண்டு போட்ட இரவிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருந்தன. கடலுக்கும் இந்த ஊருக்கும் அதிக தூரம் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட தாய்மார்கள் பிள்ளைகளை எப்படி அணைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆலைகள் 1996-ல் மூடப்பட்டுவிட்டன.

வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் கடற்கரை போகும் மின்சார ரெயிலில் ஏறினோம். வழியில் ராயபுரம் வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போயிற்று. அந்தப் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. அடுத்த நிலையம் சென்னை கடற்கரை. இறங்கி வெளியே வந்தால் ராஜாஜி சாலை. எதிரே 1884-ல் கட்டிய பெரிய தபால் நிலையம். தெற்கே நடந்தால் உயர் நீதிமன்றம்.

மதிலில் ஒரு கல்

உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியதையும், குண்டு ஒன்று இந்த இடத்தில் மதிலை உடைத்ததையும் அது சொல்கிறது. அவ்வளவுதான். அலங்காரம் எதுவும் இல்லை. தெரியாதவர்கள் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். பட்டணத்துக்கே வந்த ஆபத்துக்கு இவ்வளவு சிறிய அடையாளம் போதுமா என்று எங்களுக்குத் தோன்றியது.

வளாகத்தில் பழைய கலங்கரை விளக்கத் தூண் ஒன்று உண்டு. அது 1844-ல் விளக்கேற்றப்பட்டது. பிறகு 1894-ல் விளக்கை உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கே மாற்றினார்கள். எம்டன் வந்தபோது விளக்கு அங்கேதான் இருந்தது. 1977-ல்தான் அது மெரினாவுக்குப் போயிற்று.

எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன

எம்டனின் தலைவர் பெயர் கார்ல் வான் முல்லர். போர் தொடங்கியபோது கப்பல் சீனக் கடற்கரையில் இருந்தது. தனி ஆளாக வங்கக் கடலுக்கு வந்தார் முல்லர். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். எதிரியை ஏமாற்றப் பொய்யாக நான்காவது ஒன்றை நட்டு வைத்தார்! தூரத்தில் இருந்து பார்த்தால் ஆங்கிலேயர் கப்பல் போலவே தெரியும். சில நாட்களுக்குள் பல சரக்குக் கப்பல்களைப் பிடித்தார். மூழ்கடிக்கும் முன்பு அவற்றில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்டார். எதிரிகளே அவரைப் பாராட்டினார்கள்.

சென்னையில் அவர் குறிவைத்தது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. துறைமுகத்தை ஒட்டி அவை இருந்தன. எம்டன் தன் விளக்கை அடித்துக் குறி பார்த்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. கரையில் இருந்த பீரங்கிகளும் திருப்பிச் சுட்டன. ஒரு குண்டு கூட எம்டன் மேல் படவில்லை. வந்த வேலையை அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, எம்டன் இருட்டில் மறைந்தது.

குறி தப்பிய குண்டுகள் நகரத்துக்குள்ளும் விழுந்தன. நீதிமன்ற மதிலை உடைத்தது அவற்றில் ஒன்று.

துறைமுகத்தில் நின்ற "சுப்ரா" என்ற சரக்குக் கப்பல் மீதும் குண்டுகள் பாய்ந்தன. அன்று இரவு குறைந்தது 5 பேர் உயிர் இழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள். முல்லரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. உடைந்த மதிலுக்குக் கூட ஒரு கல் இருக்கிறது. வயிற்றுப் பிழைப்புக்காகத் துறைமுகத்துக்கு வந்து, வீடு திரும்பாமல் போனவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மதில் அருகே நின்றபோது எங்கள் பேச்சு அவர்களைப் பற்றியே இருந்தது.

பட்டணம் காலி!

விடிந்ததும் பீதி பரவியது. "மறுபடியும் வருவான்" என்று மூட்டை முடிச்சுகளுடன் மக்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ரெயில்களில் நிற்க இடம் இல்லை. ஆனால் எம்டன் சென்னைக்குத் திரும்பி வரவே இல்லை.

அது டீகோ கார்சியா தீவுக்குப் போனது. அங்கே இருந்தவர்களுக்குப் போர் நடப்பதே தெரியாது! வந்தவர்களை விருந்தாளிகளாக வரவேற்றார்கள். எம்டன் மாலுமிகளும் அவர்களுடைய பழுதான படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். அடுத்து அக்டோபர் 28-ந் தேதி பினாங்கு துறைமுகத்தில் புகுந்து ஒரு ரஷியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. முடிவு நவம்பர் 9-ந் தேதி வந்தது. கோகோஸ் தீவுகள் அருகே "சிட்னி" என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனைச் சுட்டு நொறுக்கியது. எம்டனில் இருந்தவர்களில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முல்லர் உயிர் தப்பிச் சிறைப்பட்டார்.

வீட்டுக்கு வீடு எம்டன்

கப்பல் போய்விட்டது, பெயர் போகவில்லை. எதற்கும் அஞ்சாதவனை, யாருக்கும் மசியாதவனை, "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். கண்டிப்பான அப்பாவுக்கும், கணக்கு வாத்தியாருக்கும் அதே பெயர்தான்! 2006-ல் வந்த "எம் மகன்" படத்துக்கு முதலில் வைத்த பெயர் "எம்டன் மகன்". ஜெர்மனியில் உள்ள எம்டன் என்ற ஊரின் பெயரைத்தான் அந்தக் கப்பலுக்கு வைத்தார்கள். தங்கள் ஊர் தமிழில் வசைச்சொல்லாக வாழ்வது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியுமோ என்னவோ!

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள். ராஜாஜி சாலையில் வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் நடக்கமாட்டார்கள். திரும்பும் வழியில் பர்மா பஜார் இருக்கிறது. அங்கே நுழைந்தால் பெரியவர்களும் சீக்கிரம் வெளியே வரமாட்டார்கள். எங்களுக்கு இரண்டு ரெயில் தவறிப் போயிற்று.