மெக்னேர் சாலைக்குப் பெயர் தந்தவர்

தோட்டத்திலிருந்து உறவினரைப் பார்க்கச் சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் தேக்கா சந்தையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சிராங்கூன் சாலையோடு வடக்கே போனால் அருகே மெக்னேர் சாலை என்று ஒன்று வரும். இன்னும் அப்பால் மெக்பர்சன் சாலை. இந்த இருவரும் விக்டோரியா மகாராணி காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையில் அதிகாரிகளாக இருந்தவர்கள். இங்கே வந்தபின் அவர்கள் செய்த வேலையோ கட்டட வேலை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு கிரிக்கெட். பாடாங் திடலில் ஆடுவதற்காக 1852இல் ஒரு சங்கமே அமைத்தார்கள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, திடலுக்கு எதிரே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் போட்டவர் மெக்பர்சன். அவர் மலாக்காவுக்கு மாற்றலாகிப் போனபின் வேலை மெக்னேரின் கைக்கு வந்தது. திடலில் துரைமார் பந்து ஆடினார்கள். எதிரே கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் நம் நாட்டுக் கைதிகள்.

இந்தியாவில் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடத்துவது கம்பெனி ஆட்சியின் வழக்கம். 1825இல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் கூட்டத்தில் 80 பேர். அவர்கள் சென்னை மாகாணத்தார். பிறகு வங்காளம், பம்பாய் என்று பல பக்கத்தவரும் வந்தார்கள். சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், சிராங்கூன் பக்கத்துச் சூளையில் செங்கல் அறுத்தார்கள்.

தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு இளக்கிப் பூசினார்கள். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சென்னைச் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். 1861இல் அங்கே முதல் வழிபாடு நடந்தது.

1857 முதல் கைதிகளுக்கு மேலாளராகவும் இருந்தவர் மெக்னேர். சிறையில் ஆறு வகுப்புகள். புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு சாலை வேலைக்குப் போவான். ஒழுங்காக இருந்தால் படிப்படியாக மேலே வரலாம். முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் வெளியே தானாகப் பிழைத்துக்கொள்ளலாம். காவலர்களும் கைதிகளிலிருந்தே பொறுக்கப்பட்டார்கள். தோட்டத்தில் கூலியாக வந்தவரே கங்காணியானது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு மெக்னேருக்கு முன்பே இருந்தது. அதை விரிவாக்கியவர் அவர். நெசவும் தச்சும் கற்றுக் கொடுத்தார்கள். துரைத்தனத்துக்குச் செலவும் மிச்சமானது. அதையும் மறக்கக்கூடாது.

1867இல் ஆளுநர் மாளிகை கட்டத் தொடங்கினார்கள். மெக்னேர் வரைந்த திட்டம், கைதிகளின் கை. 1869இல் முடிந்தது. 1873இல் சிறையைக் கலைத்தார்கள். தண்டனை முடியாத பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

மெக்னேர் பின்னர் பேராக்கிலும் பினாங்கிலும் பதவி வகித்து, 1884இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1899இல் பழைய உதவியாளர் ஒருவரோடு சேர்ந்து இந்தக் கைதிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வேலை முறை, உணவு, பூச்சுக் கலவை எல்லாம் அதில் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தவரின் கணக்குத்தான் அது. கைதிகள் எழுதிய புத்தகம் நமக்கு இல்லை. 1910இல் அவர் இறந்தார். அவர் பெயருக்கு ஒரு சாலை இருக்கிறது. சுவரை மெருகேற்றியவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

அந்த ஆளுநர் மாளிகைதான் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானா. தீபாவளியை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் சிங்கப்பூருக்கு வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவர்களைக் காட்டுங்கள்.