உருகிய உலோகத்தைத் தூக்கும் கருவிகள்: வீட்டுப் பட்டறையில் கவனிக்க வேண்டியவை

உடைந்த பாத்திரங்களையும் பழைய யன்னல் சட்டங்களையும் உருக்கி, சிறு உதிரிப்பாகங்கள் வார்த்து வருமானம் தேட முயல்வோர் எம்மிடையே உள்ளனர். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். கரி அடுப்பும் காற்றூதியும் இருந்தால் உருக்கிவிடலாம். உருகியதைத் தூக்கி ஊற்றும் அந்த அரை நிமிடமே ஆபத்தானது.

முதலாவது, இரும்பின் தெரிவு. பழைய இரும்பு சேர்க்கப் போய் வெடித்து உயிரையும் கைகளையும் இழந்தோர் எமது ஊர்களில் உண்டு. எறிகணைக் கோது எதையும் பட்டறைக்குள் எடுக்கக்கூடாது. கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்க வேண்டும். மூடிய உருளைகளும் வெப்பத்தில் வெடிக்கும். நாகமுலாம் பூசிய குழாயும் வேண்டாம். சூடானால் அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

மூசைக்குத் தடித்த உருக்குக் குழாய்த் துண்டொன்றை எடுத்து, அடியில் 6 மில்லிமீற்றர் தகட்டை இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். உருகிய அலுமினியம் இரும்பை மெல்ல மெல்லக் கரைக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் சுவரைச் சோதித்து, மெலிந்தால் கழித்துவிட வேண்டும். செம்பு, பித்தளைக்கு இந்த மூசை உதவாது.

கருவிகள் இரண்டு தேவை. ஒன்று, மூசையின் வயிற்றை இருபுறமும் அரைவளையமாக அணைத்து மேலே தூக்கும் குறடு. மற்றது, மூசை அமரும் வளையமும், சரிக்கும்போது அது நழுவாமல் விளிம்பைப் பிடிக்கும் கொளுக்கியும் கொண்ட ஊற்றுபிடி. கைபிடி மூன்றடியாவது இருக்கட்டும். சாதாரண குறட்டால் விளிம்பை மட்டும் கவ்வித் தூக்குவது விபத்தை அழைப்பதாகும்.

செய்து முடித்ததும், குளிர்ந்த மூசையில் இரும்புத் துண்டுகளை நிரப்பி, தூக்கி, நடந்து, சரித்துப் பலமுறை பழகுங்கள். காலிலோ கையிலோ பலம் குறைந்தவர்கள் தனியே தூக்க வேண்டாம்.

நீர் ஆவியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். ஈரமான அச்சில் ஊற்றினாலும், ஈரமான துண்டை மூசைக்குள் போட்டாலும் உலோகம் முகத்தில் தெறிக்கும். அச்சு, கரண்டி, சேர்க்கும் துண்டு அனைத்தையும் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். சீமெந்துத் தரையும் ஈரத்தால் வெடித்துச் சிதறும். உலர்ந்த மணல் பரப்பிய இடத்தில் ஊற்றுங்கள்.

சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. தோல் சப்பாத்து, அதன் மேல் விழும் பருத்திக் காற்சட்டை, தோல் கையுறை, முகக்கவசம் ஆகியன அவசியம். பிள்ளைகள் அருகில் நிற்கக்கூடாது. போர் தந்த காயங்கள் போதும். பிழைப்புத் தேடும் இடத்தில் புதிய காயம் வேண்டாம்.