படிச்சதெல்லாம் மறந்து போச்சா?



பரீட்சை நெருங்கினால் நம் வகுப்பில் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான்: "ராத்திரி நல்லா படிச்சேன்டா, காலையில எல்லாம் மறந்து போச்சு. நான் மக்குதான் போல." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றும். மறதி மக்குத்தனம் இல்லை!

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ் என்ற அறிஞர், அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறந்துவிட்டது! பிறகுதான் மறக்கும் வேகம் குறைந்தது. அர்த்தம் புரிந்து படித்தால் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனாலும் மறதி எல்லோருக்கும் பொது.

சரி, என்ன செய்யலாம்? 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு நான்கு தடவை உட்கார்ந்து பாடத்தைப் படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு ஞாபகம் இருந்தது சுமார் 40 சதவீதம். இரண்டாம் குழுவுக்கு 61! ஆனால் "எங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" என்று அதிகம் நம்பியது முதல் குழுதான்.

ஆகவே, எழுதும்போது தடுமாறினால் "எனக்கு வராது" என்று நோட்டை மூடாதீர்கள். யோசித்து யோசித்து எழுதும்போதுதான் பாடம் மனதில் பதிகிறது. நான் தினமும் சாயங்காலம் ஒரு கேள்விக்கு ரஃப் நோட்டில் பார்க்காமல் பதில் எழுதி, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கிறேன். சிவப்பு குறையக் குறைய பயமும் குறையுது!

நீங்களும் இன்றைக்கே ஒரு கேள்வி எழுதிப் பாருங்களேன். மறந்தால் என்ன, மறுபடி எழுதுவோம்!