தரங்கம்பாடிக்கு வந்த இளம் பாதிரியார்

பிறந்த மண்ணை விட்டு அயலிடம் செல்வோர் பல வகையினர். பொருள் தேடிச் செல்வோர் உண்டு. உத்தியோக மாற்றத்தின் பேரில் செல்வோர் உண்டு. தம் சமயத்தைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் நோக்குடன் செல்வோரும் உண்டு. நோக்கம் எதுவாயினும், புதிய ஊரில் வேரூன்றுவது எப்படி என்ற கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. அக்கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் ஒருவர், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நம் சோழ நாட்டுக் கடற்கரையில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர்.

சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே நகரில் சமயக் கல்வி பயின்றார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு அவரையும் ஹென்ரிக் புளுட்சாவ் என்ற தோழரையும் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-இல் டேனியர் பெற்ற துறைமுகம் அது. 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் புறப்பட்ட கப்பல், 1706 ஜூலை 9-ஆம் நாள் கரை சேர்ந்தது. அப்பொழுது சீகன்பால்குவுக்கு 24 வயது நிரம்பும் தறுவாய்.

கரையில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு அன்பானதாக இல்லை. டேனியக் கம்பெனியின் அதிகாரிகளுக்கு வாணிகமே குறி. மன்னர் அனுப்பிய பாதிரிமார்கள் உள்ளூர் மக்களிடம் சமயப் பேச்சுப் பேசினால் வாணிகம் கெடும் என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே, தம்மைப் போன்ற வெள்ளையர்களின் நிழலில் வசதியாகக் குடியேறும் வழி அவ்விளைஞருக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

அக்காலத்தில் நம் கரையோரத் துறைமுகங்களில் ஐரோப்பியர்க்கும் உள்ளூராருக்கும் இடையே போர்த்துகீசியமே பொதுமொழியாக வழங்கிற்று. அதை ஓரளவு கற்றால் சரக்கு வாங்கலாம், வேலையாளுக்குக் கட்டளையிடலாம், காலத்தைத் தள்ளலாம். தோழர்கள் இருவரும் அதனைக் கற்கத் தொடங்கினர். ஆனால் பொதுமொழி கடைத்தெருவோடு நின்றுவிடும். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே செல்லாது. இதை உணர்ந்த அவர்கள் பணியைப் பிரித்துக் கொண்டனர். போர்த்துகீசியம் புளுட்சாவின் பொறுப்பாயிற்று. தமிழைச் சீகன்பால்கு ஏற்றார்.

தமிழைக் கற்க இலக்கணமும் அகராதியும் அவர் கைவசம் இல்லை. எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை இணங்கச் செய்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் இல்லத்திற்கு வரவழைத்தார். சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். ஹாலேயில் படித்து, குருப்பட்டம் பெற்று வந்த ஒருவர், அரிச்சுவடிப் பிள்ளையாக மாறுவதற்கு வேண்டிய பணிவு எளிதில் வாய்ப்பதன்று.

எழுத்து வசப்பட்டதும் பொருள் புரியவேண்டுமே! அதற்குத் துணை நின்றவர் அழகப்பன் என்னும் துவிபாஷி. கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்தவர். ஒரு சொல்லுக்கு மறுமொழிச் சொல்லைத் தருவதோடு மொழிபெயர்ப்பாளன் வேலை முடிந்துவிடுவதில்லை. அச்சொல்லை யார் யாரிடம் எப்பொழுது சொல்லலாம், எப்பொழுது சொல்லலாகாது என்பதையும் அவன் உணர்த்தவேண்டும். அந்த உதவியை அழகப்பன் செய்தார். சுமார் எட்டு மாதங்களில் சீகன்பால்கு தமிழில் உரையாடலானார்.

அதன் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை, வயது முதிர்ந்த புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, தமிழ் ஏடுகளைப் படிப்பது அவர் வழக்கம். புலவர் பொருள் விளக்குவார். எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். ஏடுகளை விலைக்கு வாங்கியும், படியெடுக்கச் செய்தும் ஒரு நூலகமே திரட்டினார். 1708-இல் அவர் எழுதிய நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புக்கள் உள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இந்தப் படிப்பு அவருடைய கருத்தையே மாற்றியது. இந்நாட்டார் ஒழுங்கும் கல்வியும் அற்றவர்கள் என்று ஐரோப்பாவில் பலர் எண்ணியதைப் போலவே தாமும் எண்ணி வந்ததாகவும், இவர்களுடைய நூல்களைப் பயின்றபின் அவ்வெண்ணம் தவறெனக் கண்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். எனினும் தாம் வந்த நோக்கத்தை அவர் கைவிடவில்லை. இந்நாட்டுச் சமயங்களை மறுத்து வாதிட்டார். தம் சமயத்திற்கு மக்களை அழைத்தார். பிறரை அறிந்து மதிப்பது ஒன்று, அவரோடு உடன்படுவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது சரித்திரத்திற்குப் பொருந்தாது.

ஊரோடு கலந்தவர் ஊரின் துன்பத்தில் பங்கு கொள்ளவும் நேரும். 1708-இல் ஒரு கடன் வழக்கில், இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்காக அவர் பரிந்து பேசினார். எதிர்த்தரப்பில் இருந்தவர் கம்பெனியின் ஊழியர். அவ்வழக்கில் முற்றிய பகையின் விளைவாகச் சீகன்பால்கு டான்ஸ்பர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். தம் இனத்தாரின் தயவையும் அயலாரின் நியாயத்தையும் ஒருங்கே பெற இயலாத வேளை ஒன்று, குடியேறிய ஒவ்வொருவருக்கும் வரலாம். அவருக்கு அது இரண்டாண்டுகளில் வந்துவிட்டது.

பிறகு அவர் மற்றொரு வழியைக் கையாண்டார். தமிழர்களிடம் வினாக்களை விடுத்து, விடைகளைக் கடிதங்களாக எழுதுமாறு கேட்டார். 1712 முதல் 1714 வரை பெற்ற 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. வெள்ளையர் பசுவைக் கொன்று தின்பதையும், மதுவருந்துவதையும், தூய்மை பேணாததையும் அவற்றில் தமிழர் கண்டித்திருந்தனர். தம் இனத்தாரின் மேல் வந்த குறைகளையே தம் நாட்டிற்கு அனுப்பி வைத்தது சிறிய செயலன்று.

ஆனால் அனுப்பியவை எல்லாம் அங்கே வரவேற்கப்படவில்லை. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் விரிவான நூலொன்றை எழுதி அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை விவரித்துக் கொண்டிருப்பதா என்று ஹாலேயிலிருந்த பெரியோர் அதை அச்சிடாமல் வைத்துவிட்டனர். 154 ஆண்டுகள் கழித்து, 1867-இல், சென்னையில்தான் அது அச்சேறியது. புதிய இடத்தை நெருங்க நெருங்க, பழைய இடத்தார் நம்மைப் புரிந்துகொள்வது அரிதாகிறது. வெளியூர் வாசத்தின் விலைகளுள் இது ஒன்று. இதைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை.

சீகன்பால்குவின் ஏனைய பணிகள் பலரும் அறிந்தவை. தமிழ் அச்சு 1578-லேயே தொடங்கிவிட்டதாயினும், அவர் மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு, இந்திய மொழிகளில் முதலாவது. இலத்தீனில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36 வயதில் அவர் காலமானார். முந்திய ஆண்டில் தாம் கட்டிமுடித்த புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சரித்திரம் கூறுவது என்ன? நாம் சமயம் பரப்பச் செல்லவில்லை, பிழைக்கச் சென்றோம். ஆயினும் அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்ற இரண்டிற்கும் இடையே, அண்டை வீட்டாரின் மொழி பல ஆண்டுகள் நம் வாசலிலேயே காத்து நிற்பதுண்டு. அதை உள்ளே அழைப்பதால் தமிழுக்குக் குறைவு நேராது. பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் அதைத் தெருவில் விளையாடும்போதே கற்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் நாள்தோறும் ஐந்து சொற்களை அவர்களிடமே கேட்டுக் கற்கலாம். குழந்தைகளிடம் பாடம் கேட்பது தாழ்வாகாது.