தலை நரைக்கிறதா... அது கிடக்கட்டும்!

போன வருஷம் ஆவணி மாதம். காலை பத்தரை மணி இருக்கும். 53 வயதுள்ள அம்மாள் ஒருவர் என் வைத்தியசாலைக்கு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். உட்கார்ந்ததுமே தலையைக் குனிந்து வகிட்டைக் காட்டினார்.

"பாருங்க டாக்டர்... ரெண்டு விரக்கடைக்கு வெள்ளையாயிடுச்சு. மணமேடையில சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கணும். அவங்க என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க. ஆனா முடி கருகருன்னு இருக்கு! ஏதாச்சும் தைலம் குடுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடி பார்த்தேன். பசி, தூக்கம், மலம் எல்லாம் விசாரித்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். கரிசாலைத் தைலம் எழுதிக் கொடுத்தேன். எழுந்தார். வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்... எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் திடீர்னு ரெண்டு நாள் லேசா பட்டுச்சு. உஷ்ணம்தானே? வெந்தயம் முழுங்கினேன், நின்னுடுச்சு."

"செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்கம்மா" என்றேன்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்வார்: "பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்றது பாதி வியாதிதானப்பா. மீதியைச் செருப்பு மாட்டும்போதுதான் சொல்வாங்க. அதுவரைக்கும் பேனாவை மூடாதே!" இத்தனை வருஷத்தில் அவர் சொன்னது எத்தனை தடவை பலித்திருக்கிறது என்று கணக்கே இல்லை.

நாற்பது தாண்டிய பெண்களிடம் நான் பார்க்கிற சங்கதி இது. கண்ணாடியில் தெரிகிற வயசுக்குப் பதறுகிறார்கள். பணம் செலவழிக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யோசனை கேட்கிறார்கள். கண்ணாடியில் தெரியாத வயசை மட்டும், "நமக்கும் வயசாகுதில்ல..." என்று ஒரே வார்த்தையில் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்த மூட்டைக்குள் வயசும் இருக்கும், வியாதியும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

நம் புலவர்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்தார்கள். பேதையில் தொடங்கி பேரிளம்பெண்ணில் முடியும். பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40. அதற்கு மேல்? பெயரே கிடையாது! புலவர்களுக்கு அவசியம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் 40-க்குப் பிறகும் ஒரு பெண்ணுக்கு இன்னொரு முப்பது, நாற்பது வருஷ வாழ்க்கை காத்திருக்கிறதே!

சித்த மருத்துவம் அங்கே நிறுத்தவில்லை. ஆயுளை நூறாக வைத்து மூன்று பங்கு போட்டது. முதல் 33 வருஷம் வாத காலம், அடுத்த 33 பித்த காலம், மீதி கப காலம். முதுமையின் அடையாளங்களை நரை, திரை, மூப்பு என்று வரிசையாகச் சொன்னார்கள். நரை தெரியும். திரை என்றால் தோல் சுருக்கம். மூப்பு என்பது உள்ளே நடக்கிற தளர்ச்சி.

நரையை முதலில் முடித்துவிடுவோம். முடியின் வேரில் உள்ள சில அணுக்கள் மெலனின் என்ற கறுப்புச் சாயத்தைத் தயாரிக்கின்றன. வயசாக ஆக அந்த அணுக்கள் குறைந்துபோகின்றன. முளைக்கிற முடி வெள்ளையாக முளைக்கிறது. வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத நார். அதன்மேல் எந்தத் தைலத்தை ஊற்றினாலும் உள்ளேயிருந்து கறுப்பு வராது. சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். கரிசாலைத் தைலம் மண்டையின் வறட்சியைப் போக்கும், குளிர்ச்சி தரும், நல்ல தூக்கம் வரும். அதற்காகத் தேயுங்கள். 'நாற்பதே நாளில் நரை கறுக்கும்' என்று விற்பவரிடம் மட்டும் பர்ஸைத் திறக்காதீர்கள். இருபது, இருபத்தைந்து வயசிலேயே வேகமாக நரைத்தால் அது வேறு கதை. ரத்தத்தில் பி12 சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

சாயம் பூசுவது தப்பா என்று கேட்பார்கள். தப்பே இல்லை. ஆசைப்பட்டால் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலான கறுப்புச் சாயங்களில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. என் வீட்டம்மாவுக்கே ஒருமுறை நெற்றி தடித்து, கண் இரண்டும் வீங்கி, மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. (வைத்தியர் வீட்டிலேயே இந்தக் கூத்து!) அசல் மருதாணி செம்பட்டை நிறம்தான் தரும். 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் வருவதில் இதே பிபிடி கலந்திருப்பது சகஜம். எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பத்து வருஷமாகப் பூசுகிறேனே என்பவர்களுக்கும்கூட பதினோராவது வருஷம் ஒவ்வாமை வரலாம்.

திரைக்கு ஒரு வார்த்தை போதும். சுருக்கம் யாரையும் கொன்றதில்லை. கன்னத்தில் மங்கு விழுந்ததும், மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கித் தடவுகிறீர்களே ஒரு கிரீம், பயமே அதுதான். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் ஒரு மாசம் முகம் பளபளக்கும்; பிறகு தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்கள் சிறுநீரகத்தையே கெடுத்திருக்கின்றன.

இனி மூப்புக்கு வருவோம்.

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. நிற்பதற்கு முன் சில வருஷங்கள் தாறுமாறாக வரும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று கணக்கு. இந்தச் சமயத்தில் திடீரென்று கழுத்திலிருந்து முகம்வரை அனல் பரவும், வியர்த்துக் கொட்டும். ராத்திரி 2 மணிக்கு, "ஃபேனைக் கூட்டுங்க" என்று மனைவியும், "எனக்குக் குளிருது" என்று கணவரும் சண்டை போடாத வீடு உண்டா? சிலருக்கு இது ஓரிரு வருஷத்தில் அடங்கும். சிலருக்கு ஏழெட்டு வருஷம்கூட நீளும். சாயங்கால காபியையும் காரத்தையும் குறைத்தாலே பலருக்குச் சற்று ஆறுதல் கிடைக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு, நன்னாரி எல்லாம் நாங்கள் கொடுப்பதுண்டு. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தண்ணீர்விட்டான் கிழங்கைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இது வயசு. பயமில்லை.

ஆனால் முழுசாக நின்று ஒரு வருஷம் கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வெறும் கறையாகத் தெரிந்தாலும், அதை வயசு என்று நினைக்காதீர்கள். உஷ்ணம் என்றும் நினைக்காதீர்கள். நம் வீடுகளில் 'உஷ்ணம்' என்ற சொல்லைப் போல வியாதியை மறைக்கிற சொல் வேறு இல்லை. இப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. உள்தோல் வறண்டு மெலிந்திருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கும். அந்த ஒருவர் யார் என்று நாடியிலும் தெரியாது, முகத்திலும் தெரியாது. மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுத்து கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்ப்பார். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் துளி சதை எடுத்துச் சோதிப்பார். உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. "ரத்தம்தான் நின்னுடுச்சே" என்பது சமாதானமே அல்ல. அது நின்று நின்றுதான் வரும்.

என் அத்தை ஒருத்தி இருந்தாள். நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தபோது லீவுக்கு வந்தால் எனக்குப் பணியாரம் சுட்டுப் போடுவாள். இரண்டு வருஷமாக அவளுக்குப் பட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. மாமாவிடம் சொல்லக் கூச்சம். வைத்தியம் படிக்கிற மருமகனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். வெந்தயமும் மோருமாகவே ஓட்டியிருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான் செருப்பு மாட்டுகிற அம்மாளை உள்ளே கூப்பிடும்போது என் குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிடுகிறது.

அந்த ஆசிரியையும் லேசில் ஒப்பவில்லை. "கல்யாணம் முடியட்டும் டாக்டர். இப்பப் போய் ஏதாவது சொல்லிட்டாங்கன்னா..." என்றார். கணவருக்கு நானே போன் செய்தேன். ஸ்கேனில் தடிப்பு. சதைப் பரிசோதனையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. தை மாதம் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மேடையில் சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றார். தலை கருகருவென்று இருந்தது. பியூட்டி பார்லர் கைங்கரியம்! (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

இன்னும் இரண்டு மூன்று விஷயம் இந்த மூட்டையில் இருக்கிறது.

இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. இதை என்னிடம் யாரும் சொல்வதில்லை. மருந்து கட்டித் தருகிற பெண்ணிடம்தான் சொல்வார்கள். பஸ் பிரயாணத்தை நிறுத்திவிட்டவர்கள், கோயிலுக்குப் போவதை விட்டவர்கள்கூட இருக்கிறார்கள். பிரசவத்தில் தளர்ந்த அடிவயிற்றுத் தசைகள் இந்த வயசில் இன்னும் தளர்வதால் வருவது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை மேலிழுத்து, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, விடுங்கள். பத்து தடவை, தினம் மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது! மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்கு நல்ல பலன் தெரிகிறது.

அடுத்து அசதி. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, வயசாச்சு" என்பார்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! மாதவிலக்கு நிற்கப் போகிற சமயத்தில் பெரும்பாடு வந்து ரத்தம் இறைத்தால் சோகை இன்னும் கூடும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பாருங்கள். மூச்சிரைப்போடு நெஞ்சில் அழுத்தமோ தாடை வலியோ இருந்தால் டெஸ்ட்டுக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் மாரடைப்பு வரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைகளை முப்பது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள்.

கடைசியாக எலும்பு. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்தாறு வருஷத்தில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. குளியலறையில் கையூன்றி விழுந்தாலே மணிக்கட்டு முறிகிறது. மூட்டு வலிக்குத் தெருவோரக் கூடாரத்தில் 'மூலிகைப் பொடி' வாங்குகிறீர்களே, இரண்டே நாளில் வலி போய்விட்டால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது எலும்பை இன்னும் அரிக்கும்.

இந்த வயசில் தினம் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 கிடைக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கும். ஒரு எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, வாரம் ஒரு நாள் உளுந்தங்களி. கூடவே தினம் அரை மணி நடை, உடம்பில் கொஞ்சம் வெயில். வாரம் ஒருமுறையாவது பிரண்டைத் துவையல் செய்யுங்கள். இளம் கொழுந்தாகப் பறித்து, கணுவை நீக்கி, நாரை உரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை நன்றாக வதக்குங்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய், தேங்காய் வறுத்து, புளி உப்பு சேர்த்து அரைத்தால் துவையல் தயார். வதக்குவதில் அவசரம் கூடாது, நாக்கு அரிக்கும். நறுக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவும் மறந்துவிடாதீர்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது!