இழுவை எங்கே போனது?

பட்டறைப் பக்கம் – 11

சென்ற வாரம் கிளம்பவே மறுக்கும் வண்டியைப் பார்த்தோம். அது ஒருவகையில் நேர்மையான நோய். உதைக்கிறோம், கிளம்பவில்லை, உடனே தேட ஆரம்பிக்கிறோம். இந்த வாரத்து நோய் கள்ளத்தனமானது. வண்டி கிளம்பும், ஓடும், மைலேஜ்கூட ஏறக்குறைய பழையபடி கொடுக்கும். ஆனால் டாப் கியரிலேயே ஏறிய மேம்பாலத்தில் இப்போது மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருக்கும். இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வண்டிக்காரருக்குச் சொல்லத் தெரியாது. வண்டி தளரத் தளர அவர் கையும் கூடவே பழகிவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திருகுவார், கியரைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்குவார். நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு வண்டியை ஓட்டிப் பார்க்கும் அன்றைக்குத்தான் தன் வண்டி எவ்வளவு சோர்ந்துவிட்டது என்று தெரியவரும்.

உதாரணத்துக்குப் பாயிண்ட் வைத்த பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்து தள்ளிய வண்டி. 346 சிசி, போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். சத்தத்தைக் கேட்டு அதன் பலத்தை எடை போடாதீர்கள். புதிதாக வெளியே வந்தபோதே 5,625 சுழற்சியில் 18 குதிரைத்திறன்தான். இவ்வளவு கனமான வண்டியில் அந்தப் பதினெட்டில் மூன்று நான்கு போனாலும் ஏற்றத்தில் தெரிந்துவிடும்.

பட்டறையில் வழக்கமாக நடக்கும் உரையாடல் இப்படி இருக்கும்:

“அண்ணே, பிக்கப்பே இல்லண்ணே.”

“போர் தேஞ்சிருக்கும் சார். இறக்கிடலாம்.”

இரண்டே வரியில் பல ஆயிரம் ரூபாய் முடிவாகிவிட்டது. போர் தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் இஞ்சினை இறக்குவது கடைசி வேலை. அதற்குமுன் சும்மாவும் சில்லறைக் காசிலும் பார்த்து முடிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு மேம்பாலத்தையோ ஏற்றத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள். அதே கியர், அடிவாரத்தில் அதே வேகம், வண்டியில் அதே பாரம். உச்சியில் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளக், ஏர் ஃபில்டர், டைமிங் மூன்றையும் ஒரே நாளில் செய்தால் வண்டி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது, அடுத்த முறையும் மூன்றுக்கும் பணம் கொடுப்பீர்கள்.

அடுத்து, இஞ்சின் குறைவாகக் கொடுக்கிறதா, கொடுப்பதை வேறு யாரோ தின்கிறார்களா என்று பிரிக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உடனே நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் இறுகியிருக்கிறது. கிரீஸ் காணாத பிரேக் கேம் மெல்ல மெல்லத்தான் இறுகும். அதனால்தான் கவனத்துக்கு வருவதில்லை. பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம் பக்கம் கையைக் கொண்டுபோனாலே சூடு சொல்லிவிடும். ஏற்றத்தில் முறுக்கும்போது இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு இஞ்சினைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனி கார்புரேட்டர். ஏர் ஃபில்டர் அடைப்பு, பெட்ரோல் டேப்பில் துரு, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு எல்லாம் ஊரறிந்தவை. யாரும் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருக, நீங்கள் கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்லைடு முழுதாக மேலே போகிறதா? கேபிள் தளர்ந்திருந்தால் கைப்பிடி கடைசிவரை திரும்பினாலும் ஸ்லைடு பாதி வழியில் நிற்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும்.

எத்தனாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் வரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்புரேட்டரின் ஜெட் அதே அளவில் இருப்பதால் கலவையும் சற்று மெலிகிறது. ஈரத்தை இழுக்கும் குணமும் எத்தனாலுக்கு உண்டு. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியின் டேங்குக்கு அது நல்லதல்ல. எல்லாம் உண்மை. ஆனால் வருஷக்கணக்காகத் தளர்ந்துவந்த வண்டிக்கு முழுப் பழியையும் எத்தனால் தலையில் கட்டுவது, வேலை செய்யாமல் தப்பிக்கும் வழி.

இப்போது பாயிண்ட். மெல்லத் தளர்வதற்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி பழைய புல்லட்டில் இல்லை. சுழலும் கேம் மீது பாயிண்டின் ஃபைபர் குதிகால் உரசிக்கொண்டே இருக்கிறது. குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் பிளக்கில் பொறி அடிக்கிறது. ஆக பொறியும் தாமதம். பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பில் ஒரு பங்கு வீணாகச் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. வண்டி நிற்காது, மிஸ்ஸிங் இருக்காது. மந்தமாக ஓடும், அதிகம் சூடாகும், அவ்வளவுதான்.

ஃபீலர் கேஜில் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். முதலில் இதைச் சரிசெய்துவிட்டுப் பிறகே டைமிங்குக்குப் போக வேண்டும். ஏனென்றால் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும். வரிசை மாறினால் வேலை வீண். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்கும் நொடியைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் சிகரெட் தாளைப் பாயிண்டுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். தாள் நழுவும் இடம்தான் டைமிங். கூடவே பாயிண்டுக்குப் பின்னால் உள்ள ஆட்டோ அட்வான்ஸைப் பாருங்கள். கேமைக் கையால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் பழைய இடத்துக்கு வர வேண்டும். துருவேறி அசையாமல் கிடந்தால் ஐட்லிங் அழகாக இருக்கும், வேகம் எடுக்கும்போது மட்டும் மூச்சு வாங்கும்.

அடுத்தது டேப்பட். சத்தம் போடும் டேப்பட்டைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சத்தமே போடாத டேப்பட்டுக்கு. எக்ஸாஸ்ட் வால்வு ஓட ஓடத் தன் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அப்போது டேப்பட் இடைவெளி கூடாது, குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடவே முடியாமல் போகும், கம்ப்ரஷன் அந்த வழியே கசியும். கேட்பவர்களுக்கோ, “வண்டி எவ்வளவு அமைதியா ஓடுது பாருங்க!” இரவெல்லாம் நின்று ஆறிய இஞ்சினில், கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ் ராடுகளை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்றவே முடியாவிட்டால் டைட். டிகம்ப்ரஸர் கேபிளும் விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தளர்வோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவும் ஒரு வால்வுதான், அதன் வழியாகவும் கசியும்.

இவ்வளவுக்குப் பிறகும் மேம்பாலக் கணக்கு மாறவில்லை என்றால், கம்ப்ரஷன் கேஜ். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் காற்று போதாமல் எண் குறைவாகத்தான் வரும், நல்ல இஞ்சினும் செத்த இஞ்சினாகத் தெரியும். வந்த எண்ணை எழுதிக்கொண்டு, பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி உதைக்க வேண்டும். இப்போது எண் நன்றாக ஏறினால், தேய்ந்த ரிங்கைச் சுற்றி ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ரிங் அல்லது போர்தான் குறை. ஏறவே இல்லையென்றால் கசிவு மேலே: வால்வு, டிகம்ப்ரஸர் அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு கிரைண்டிங்கோடு முடியக்கூடிய வண்டிக்கு ரீபோர் செலவு தேவையே இல்லை.

ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள்: சைலன்சர் கார்பனை முதலில் பாருங்கள். எரிந்த டூடி ஆயில் அங்கேதான் படியும், இழுவையும் பெரும்பாலும் அங்கேதான் போகும்.

ஆயில் ஊற்றாமல் வந்த எண், ஊற்றியபின் வந்த எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ரீபோர் என்று சொல்பவரிடம் அதைக் காட்டிக் காரணம் கேளுங்கள். பழகிய மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். உண்மையாகவே போர்தான் என்று முடிவானால், லேத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)