மண்ணை இறுக்கும் கருவிகள்: சிறு கட்டடப் பணிக்கு எது பொருந்தும்?

குடியேறிய சில ஆண்டுகளில் வீட்டின் தரை ஓடுகள் சுவரோரமாக விரிசல் விடுவதற்கும், முற்றத்தில் பதித்த பேவர் கற்கள் கார்ச் சக்கரம் படும் தடத்தில் மட்டும் அமிழ்ந்து மழைநீர் தேங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் ஓட்டிலோ கல்லிலோ இருப்பதில்லை. அவற்றின் அடியில் நிரப்பிய மண் போதிய அளவு இறுக்கப்படாமல் விடப்பட்டதே காரணம். கம்பிக்கும் சிமென்டுக்கும் நாள்கணக்கில் விலை விசாரிப்பவர்கள்கூட, மண் இறுக்கும் கருவியை வாடகைக் கடையில் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள். எந்த மண், எவ்வளவு ஈரம், எத்தனை கன அடுக்கு என்பவை தெரிந்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மண் என்பது துகள்கள், அவற்றுக்கு இடையே தங்கிய நீர், எஞ்சிய இடைவெளிகளை நிரப்பியிருக்கும் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தது. கருவியால் இறுக்கும்போது வெளியேறுவது இவற்றுள் காற்று மட்டுமே. களிமண்ணிலிருந்து நீர் பிழியப்பட்டு வெளியேறுவதற்கு மேலிருந்து நீடித்த சுமை வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம். ஆனால் காற்றை வெளியேற்ற நீரின் உதவி வேண்டும். உலர்ந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து இடம்பெயர மறுக்கின்றன. ஓரளவு ஈரம் சேர்ந்தால் அவை வழுக்கிக்கொண்டு நெருங்குகின்றன. ஈரம் மிகுந்துவிட்டால் துகள் அமர வேண்டிய இடத்தை நீரே பிடித்துக்கொள்கிறது. மண் அணைகள் கட்டும் பணியில் இந்த உறவை அளந்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்வழங்கல் துறைப் பொறியாளர் ரால்ப் பிராக்டர் 1933ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்தச் சோதனையின் இந்தியத் தர வடிவத்தில், 1,000 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள அச்சில் மண்ணை மூன்று அடுக்காக இட்டு, 2.6 கிலோ எடையை 31 செ.மீ உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 முறை விழச் செய்கிறார்கள். ஈரத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும்போது, மண் மிக அதிகமாக இறுகும் ஈர அளவு தெரியவருகிறது. அதற்கு உகந்த ஈரப்பதம் என்று பெயர். களத்தில் இறுக்கிய மண்ணின் உலர் அடர்த்தி, சோதனையில் கிடைத்த உச்ச அளவில் 95 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் வரம்பு.

தனிவீடு கட்டுமிடத்தில் ஆய்வகம் இருக்காது என்றாலும், அனுபவமுள்ள மேஸ்திரிகள் செய்யும் எளிய சோதனை ஒன்று ஏறக்குறைய அதே விடையைத் தருகிறது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போட வேண்டும். உருண்டையே பிடிக்க வராமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. உடையாமல் சப்பிப்போய் உள்ளங்கையிலும் ஈரத்தை விட்டுச் சென்றால் மண்ணைக் கிளறி ஆறவிட வேண்டும். இது களி கலந்த மண்ணுக்கான சோதனை. சுத்தமான மணலுக்குப் பொருந்தாது.

மணலும் களியும் இறுகும் விதம் வேறு வேறு. மணல், எம்-சாண்ட், கல்தூள், ஜல்லி போன்ற பருமணிகளைப் பிடித்து நிறுத்துவது அவற்றுக்கு இடையிலான உராய்வு. வேகமாக அதிர வைத்தால் அந்த உராய்வு கணநேரம் தளர, மணிகள் தாமாகவே கீழுள்ள இடைவெளிகளில் விழுந்து அமர்கின்றன. களித்துகள்களோ மிக நுண்ணியவை. நீர்ப்படலத்தாலும் மேற்பரப்பு விசைகளாலும் கட்டிகளாக ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிர்வு அவற்றை அசைப்பதில்லை. கட்டிகளை நசுக்கிக் காற்றைத் துரத்த, ஓங்கிய அடியோ பிசைவது போன்ற அழுத்தமோ வேண்டும். அதிர்வு, அடி என்னும் இவ்விரு வழிகளுக்கும் தனித்தனிக் கருவிகள் உள்ளன.

அதிர்வுக்குரியது பிளேட் காம்பேக்டர். தட்டையான கனத்த இரும்புத் தகட்டின் மேல், மையத்திலிருந்து விலக்கி எடை பொருத்திய தண்டு ஒன்றைச் சிறு எஞ்சின் பெல்ட் வழியாக நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 முறை வரை சுழற்றுகிறது. ஒருபக்கமாக எடை கூடிய அந்தச் சுழற்சியே தகட்டை உதறி மண்ணை அதிரச் செய்வதோடு, கருவியை முன்னோக்கியும் நகர்த்துகிறது. 80, 90 கிலோ எடையுள்ள கருவி ஏறத்தாழ 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன் எடைக்கு நிகரான விசையை எழுப்பும். இந்த எண்ணை மட்டும் பார்த்து, களிமண்ணும் இதற்குப் பணியும் என்று கருதிவிடக்கூடாது: ஈரக்களியின் மேல் தகடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், மேற்பரப்பு மட்டும் வழவழப்பாகி, அடியில் மண் தளர்ந்தே கிடக்கும்.

அடிக்கு உரியது ராம்மர். மரத்தாலோ இரும்பாலோ ஆன திமிசைத் தூக்கிக் குத்தும் பழைய வேலையைத்தான் இது செய்கிறது. எஞ்சினின் சுழற்சி கிராங்க் மூலம் மேலும் கீழுமான அசைவாக மாறிச் சுருள்வில்களை அழுத்த, 60 முதல் 80 கிலோ எடையுள்ள கருவி முழுவதும் சில செ.மீ உயரம் துள்ளி, நிமிடத்துக்கு 600 முதல் 700 அடிகளை 25, 30 செ.மீ அகலமுள்ள தன் பாதத்தால் மண்ணில் இறக்குகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஹெர்மன் வாக்கர் 1930ஆம் ஆண்டில் மின் ராம்மரை உருவாக்கினார். செம்மண், சவுடு, களி கலந்த கிராவல் ஆகியவற்றுக்கும், குறுகிய குழாய்ப் பள்ளங்களுக்கும் ராம்மரே ஏற்றது. களியே இல்லாத மணலிலோ, அதன் பாதம் புதைந்து மண்ணை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். குழாய்க்கு மேல் முதல் 30 செ.மீ மண்ணைக் கைத்திமிசால் மட்டுமே குத்த வேண்டும். ஆழமான பள்ளத்துக்குள்ளும் மூடிய அறைக்குள்ளும் பெட்ரோல் ராம்மரை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அங்கேயே தேங்கிவிடும். பேபி ரோலர் எனப்படும் சிறு உருளை வண்டிகள் நீண்ட பாதைக்கும் அகன்ற முற்றத்துக்கும் பயன்படுமே ஒழிய, அறைகளாகப் பிரிந்த பேஸ்மட்டத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

கருவி எதுவானாலும் அதன் ஆற்றல் எட்டும் ஆழத்துக்கு எல்லை உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு அடுக்கு ஒவ்வொன்றும் 20 செ.மீக்கு மேற்படக்கூடாது என்கிறது. சிறு கருவிகளுக்குத் தளர்வாகக் கொட்டிய 15 செ.மீயே பாதுகாப்பான அளவு. அது இறுகி 12 செ.மீ ஆவதாகக் கொண்டால், 60 செ.மீ உயரப் பேஸ்மட்டத்துக்கு ஐந்து அடுக்குகள் தேவைப்படும். பல இடங்களில் நடப்பதோ வேறு: 60 செ.மீயையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே கருவியை ஓட்டுகிறார்கள். மேல் 20 செ.மீ கல்லாக இறுகினாலும், கீழே தளர்ந்து கிடக்கும் 40 செ.மீ பின்னாளில் 5 விழுக்காடு மட்டும் அமிழ்ந்தாலே தளம் 2 செ.மீ இறங்கிவிடும். எவ்வளவு பெரிய கருவியை வாடகைக்கு எடுத்தாலும் இந்தக் குறை நீங்காது. சுவரையொட்டிய விளிம்பும் மூலைகளும் தகட்டுக்கு எட்டாதவை. அங்கே கைத்திமிசு பிடிக்க ஆள் நிறுத்தாததால்தான் விரிசல் முதலில் சுவரோரத்தில் தோன்றுகிறது. புதிதாக எழுப்பிய தாங்குசுவர் அருகே கனத்த அதிர்வுக்கருவியை ஓட்டினால் சுவரே வெளிப்புறம் சாயக்கூடும் என்பதால் அங்கும் இலேசான கருவியே தகும்.

பேஸ்மட்டத்தில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் கட்டி நிறுத்தி அமிழ்த்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. சுத்தமான மணலில் நீர் வேகமாக வடிந்து மணிகளை ஓரளவு இழுத்துச் செல்வதால் அது கொஞ்சம் பயன் தரும். அப்போதும் அதிர்வு தரும் இறுக்கத்துக்கு ஈடாகாது. களிமண்ணில் அது தீங்கே செய்யும், ஏனெனில் ஊறிய களி பின்னர் காயும்போது சுருங்கித் தளத்துக்கு அடியில் வெற்றிடத்தை விடுகிறது. கரிசல் மண்ணை நிரப்பவே கூடாது. உலர்ந்த நிலையில் அதை மிகக் கடுமையாக இறுக்கினால், பின்னர் ஈரம் படும்போது அது இன்னும் வலுவாக உப்பித் தளத்தைத் தூக்கும். நிரப்பும் மண்ணைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்குமானால், சற்றே விலை கூடினாலும் கிராவலையோ கல்தூளையோ தேர்வது சிறந்தது. கருவியின் பாதி வேலையை அந்தப் பொருளே எளிதாக்கிவிடும்.

பேவர் கற்களுக்கு முறை சற்று மாறுபடுகிறது. அடித்தளமான ஜல்லிப் படுகையைப் பிளேட் காம்பேக்டரால் நன்கு இறுக்கிய பின், அதன் மேல் பரப்பும் 3 செ.மீ அளவு மணலை இறுக்காமல் மட்டம் மட்டும் செய்து கற்களை அடுக்க வேண்டும். தகட்டின் அடியில் ரப்பர் விரிப்பைப் பொருத்திக் கற்களின் மேல் இரண்டு மூன்று முறை ஓட்டினால், அடிமணல் இடுக்குகளில் ஏறிக் கற்களைக் கவ்விக்கொள்ளும். பிறகு உலர்ந்த பொடிமணலை மேலே பெருக்கி, இடுக்குகள் நிரம்பும் வரை மீண்டும் ஓட்டலாம். ஓரக்கல் இன்னும் பதிக்காத விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே கருவியை நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லையேல் விளிம்புக் கற்கள் வெளியே நழுவி, அடுக்கிய வரிசை முழுவதும் கலைந்துவிடும்.